வீட்டுக் குரல்களைப் பிடித்துவைக்க

டோனி ஷ்வார்ட்ஸ் 1923-இல் நியூயார்க்கில் பிறந்தவர், விளம்பரத் துறைக்காரர். பதினாறு வயதில் சில மாதங்கள் பார்வையிழந்திருந்தபோது காதுகளாலேயே உலகத்தை அறியப் பழகியவர். திறந்தவெளியும் நெடும்பயணமும் அவருக்குப் பெரும் அச்சம் தந்தன. அதனால் வீட்டைவிட்டு வெகுதூரம் போக மாட்டார். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், மெல்லிய கம்பியில் ஒலியைப் பதியும் கருவி ஒன்று அவர் கைக்கு வந்தது. பிறகு டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கும்படி தானே மாற்றியமைத்துக்கொண்டு தன் தெருக்களைச் சுற்றத் தொடங்கினார். கயிறு தாண்டும் சிறுமிகளின் பாட்டு, டாக்ஸி ஓட்டுநரின் பேச்சு, தெரு வியாபாரியின் கூவல் என்று எல்லாவற்றையும் பிடித்தார். அவர் வசித்த பகுதியின் அஞ்சல் எண் 19. அந்தப் பகுதியின் ஒலிகளை மட்டும் தொகுத்து, 'நியூயார்க் 19' என்ற பெயரில் ஃபோக்வேஸ் நிறுவனம் 1954-இல் இசைத்தட்டாக வெளியிட்டது.

அவருடைய இன்னொரு பதிவு மிகவும் சிறியது. அக்காலத்தில் அவர் தன் உறவுக் குழந்தை நான்சியின் குரலைப் பச்சைக் குழந்தைப் பருவத்திலிருந்து ஆண்டுக்கணக்கில் பதிந்துவந்தார். பின்னர் அவற்றை வெட்டி ஒட்டிச் சில நிமிடங்களுக்குள் அடக்கினார். அழுகையில் தொடங்கும் குரல் மழலையாகி, பள்ளிச் சிறுமியின் பேச்சாகி, பதின்வயதுப் பெண்ணின் குரலாக மாறுவதைக் கேட்பவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை. ஷ்வார்ட்ஸ் சேர்த்த ஒலிக்களஞ்சியம் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது.

அவர் தோளில் சுமந்து செய்ததை இன்று சட்டைப் பையில் வைத்துச் செய்யலாம். ஜப்பானின் ஜூம் நிறுவனம் 2010-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எச்1 என்ற ரெக்கார்டர், பேட்டரி போடாமல் சுமார் 60 கிராம் எடை. ஒரு பென் டார்ச் பேட்டரி போட்டால் ஏறக்குறைய பத்து மணி நேரம் ஓடும். 1933-இல் ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலனும் நாட்டுப்புறப் பாடல்களைத் தேடி அமெரிக்கத் தென்மாநிலங்களில் அலைந்தபோது, காரின் பின்பக்கத்தில் ஏற்றிச் சென்ற தட்டு வெட்டும் இயந்திரத்தின் எடை 315 பவுண்டு, அதாவது 140 கிலோவுக்கும் மேல். அவ்வளவு பாரத்தைச் சுமந்து ஓர் ஊருக்குப் போனால், அங்கே பெரிய பாடகரையும் பெரிய பாட்டையும்தானே தேடத் தோன்றும்? கருவி சிறிதானபோதுதான் அன்றாடத்தைப் பதிய வழி பிறந்தது.

வீட்டுக் குரல்களைப் பதிந்துவைக்கும் ஆசை ஒலிப்பதிவின் தொடக்கத்திலேயே இருந்தது. எடிசன் 1877-இல் போனோகிராஃபைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டு ஒரு பத்திரிகையில் அதன் பயன்களை வரிசைப்படுத்தி எழுதியபோது, இசையோடும் கடித வாசகத்தோடும் சேர்த்துக் குடும்பத்தாரின் குரல்களைக் காத்துவைப்பதையும் குறிப்பிட்டார். ஆனால் அதற்குப் பின் பல பத்தாண்டுகள் ஒலிப்பதிவு பெரிய நிறுவனங்களின் கையில்தான் இருந்தது. பதிவானவை அவர்களுக்குத் தேவைப்பட்டவையே.

இந்தியாவில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. ஜார்ஜ் கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவாய்வின் தொடர்ச்சியாக, 1913 முதல் 1929 வரை பல இந்திய மொழிகளும் வட்டார வழக்குகளும் கிராமபோன் தட்டுகளில் பதிவாயின. அரிய செல்வம்தான், இன்று அவற்றை இணையத்திலேயே கேட்கலாம். ஆனால் பல தட்டுகளில் ஒலிப்பது விவிலியத்தின் ஊதாரி மைந்தன் கதை. மொழிகளை ஒப்பிட வசதியாக எல்லாரிடமும் கொடுக்கப்பட்ட ஒரே பகுதி அது. நூறு ஆண்டுக்கு முன் ஒரு தாய் பிள்ளையை எப்படி அதட்டினாள், சந்தையில் எப்படிப் பேரம் பேசினார்கள், களத்துமேட்டில் என்ன பேசிச் சிரித்தார்கள் என்பதெல்லாம் அந்தத் தட்டுகளில் தேடினாலும் கிடைக்காது.

அந்தக் குறை இன்றும் முழுதாகத் தீரவில்லை. மேடைப் பேச்சும் திரைப்பாடலும் தொலைக்காட்சி விவாதமும் தேவைக்கு மேலே சேமிக்கப்படுகின்றன. நாஞ்சில் நாட்டுப் பாட்டி சொல்லும் விடுகதை, மட்டக்களப்புத் தாத்தாவின் வயல் பேச்சு, கொங்குநாட்டுப் பெரியம்மாவின் தாலாட்டு ஆகியவற்றை வீட்டார் பதிந்தால்தான் உண்டு. இலங்கைத் தமிழரின் நூல்களை 2005 முதல் எண்ணிமத்தில் காத்துவரும் நூலக நிறுவனம், 'ஆவணகம்' வழியாக வாய்மொழி வரலாறுகளையும் சேர்க்கிறது. மிக நல்ல பணி. ஆயினும் எந்த நிறுவனத்தாலும் எல்லா வீட்டுத் திண்ணைக்கும் வர முடியாது.

கையில் போன் இருக்கும்போது தனி ரெக்கார்டர் எதற்கு என்று கேட்பது நியாயம். அவசரத்துக்குப் போன் போதும். இல்லாத ரெக்கார்டரைவிட இருக்கும் போன் மேல். ஆனால் போனின் மைக் முதலில் தொலைபேசிப் பேச்சுக்காக அமைந்தது. பின்னணிச் சத்தத்தை அடக்கும் மென்பொருள் பல போன்களில் தானாகவே வேலை செய்யும். அது சில நேரம் தாழ்ந்த குரலையும் பாட்டின் நீண்ட கார்வையையும் சத்தமென்று எண்ணி நறுக்கிவிடும். நடுவில் அழைப்பு வரும், அறிவிப்பு ஒலிக்கும், சார்ஜ் தீரும். ரெக்கார்டருக்கு ஒரே வேலை. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பதியும். அதன் தலையில் இரண்டு மைக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்பதால், யார் இடப்புறம் அமர்ந்து பேசினார், யார் வலப்புறம் என்பதுகூடக் கேட்கும்போது தெரியும். இன்னொன்றும் உண்டு: மேசையில் ரெக்கார்டர் இருந்தால் பதிவு நடக்கிறது என்பது எதிரில் இருப்பவருக்குத் தெளிவாகத் தெரியும். போனை நீட்டினால் அந்தத் தெளிவு இருக்காது.

கருவிக்குள் நடப்பது இதுதான். குரல் காற்றில் உண்டாக்கும் அதிர்வு மைக்கின் மெல்லிய தகட்டை ஆட்டுகிறது. அந்த ஆட்டம் மின்னலையாகிறது. ரெக்கார்டர் அந்த மின்னலையை ஒரு நொடியில் 44,100 முறை அளந்து எண்களாக எழுதிக்கொள்கிறது. மனிதக் காது கேட்கக்கூடிய உச்சம் சுமார் 20,000 ஹெர்ட்ஸ். ஓர் அலையைத் திரும்ப உருவாக்க அதன் அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் அளவெடுக்க வேண்டும் என்பதால்தான் குறுந்தகட்டுக்கு இந்த 44,100 என்ற எண் போதுமானதாயிற்று. ஒவ்வோர் அளவையும் எத்தனை நுட்பமாக எழுதுவது என்பதை 16 பிட், 24 பிட் என்கிறார்கள். 16 பிட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும். வீட்டுப் பேச்சுக்கு அது தாராளம்.

கோப்பை எந்த வடிவில் வைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 'வேவ்' வடிவம் எதையும் விடாமல் எழுதும். 'எம்பி3' வடிவம், காதுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று கணக்கிட்ட பகுதிகளைக் கழித்துவிட்டு எழுதும். 44,100 அளவில், 16 பிட்டில், இரண்டு மைக்கின் ஒலியும் சேர்ந்து ஒரு மணி நேர வேவ் கோப்பு சுமார் 635 எம்பி வரும். 128 கிலோபிட் எம்பி3 என்றால் 58 எம்பிக்குள் முடிந்துவிடும். 32 ஜிபி கார்டில் முன்னது ஏறக்குறைய 50 மணி நேரம் அடங்கும். கார்டு இவ்வளவு மலிந்துவிட்ட காலத்தில், தாத்தாவின் குரலை எம்பி3-யில் பதிந்து மிச்சம் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. எறிந்த பகுதி திரும்ப வராது. பின்னால் சத்தம் நீக்கவோ தெளிவுபடுத்தவோ முனையும்போது அதன் குறை தெரியும். உறவினருக்கு அனுப்ப எம்பி3 பிரதி ஒன்று எடுத்துக்கொள்ளலாம். மூலம் மட்டும் வேவாக இருக்கட்டும்.

ஆனால் ஒரு பதிவு நன்றாக அமைவதற்கு இந்த எண்களைவிட ரெக்கார்டரை எங்கே வைக்கிறோம் என்பது பல மடங்கு முக்கியம். பேசுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் நேராக வரும் குரலின் அளவு 6 டெசிபல் குறைகிறது. அறையின் இரைச்சலோ அப்படியே இருக்கிறது. அரை மீட்டரில் தெளிவாகக் கேட்ட குரல், இரண்டு மீட்டர் தள்ளிப்போனால் 12 டெசிபல் இறங்கி இரைச்சலோடு கலந்துவிடும். விலையுயர்ந்த ரெக்கார்டரைக் கூடத்தின் மூலையில் வைப்பதைவிட, மலிவான ஒன்றைப் பேசுபவரிடமிருந்து ஒரு முழத் தூரத்துக்குள் வைப்பது மேல். வாய்க்கு நேர் எதிரே வைத்தால் 'ப' ஒலிகளில் மூச்சு மோதித் தொப் தொப்பென்று விழும். சற்று பக்கவாட்டில், மார்பு உயரத்தில் வைத்தால் அது போய்விடும். மேசைமேல் வைப்பதானால் கீழே மடித்த துண்டு ஒன்று போட வேண்டும். இல்லாவிட்டால் டம்ளர் வைக்கிற ஒலியும் விரல் தட்டுகிற ஒலியும் மரத்தின் வழியே ஏறி இடிபோல் பதியும்.

தமிழ் வீடுகளில் பதிவுக்குப் பெரும் எதிரி மின்விசிறி. அதன் இரைச்சல் ஒரு பக்கம், அதன் காற்று மைக்கில் மோதுவது இன்னொரு பக்கம். அரை மணி நேரம் விசிறியை நிறுத்தலாமா என்று கேட்டுப் பார்க்கலாம். சித்திரை வெயிலில் எண்பது வயதுக்காரரிடம் அதைக் கேட்பது சரியல்ல. காலை ஆறு மணிக்குப் பேசலாம். முடியாதபோது விசிறியைக் குறைந்த வேகத்தில் வைத்து, மைக்குக்குப் பஞ்சு உறை போட்டு, ரெக்கார்டரில் உள்ள 'லோ கட்' பொத்தானை இயக்கலாம். சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமலை அது வடிகட்டும்; பேச்சின் தெளிவு அதற்கு மேலே இருப்பதால் பாதிப்பு வராது. ஃபிரிட்ஜின் ஓசை நேரில் உறுத்தாது. பதிவில் அது தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்கும். டைல்ஸ் போட்ட வெற்றுக் கூடத்தில் குரல் சுவர்களில் மோதி எதிரொலிக்கும். மெத்தையும் துணி அலமாரியும் உள்ள சின்னப் படுக்கையறை அதைவிட நல்ல ஒலிப்பதிவுக் கூடம்.

ஒலியளவைப் பற்றி ஒரே விதி. அளவுகாட்டியில் உரத்த பேச்சின் உச்சம் கழித்தல் 12 டெசிபலை ஒட்டி நிற்க வேண்டும். சுழியத்தைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். அதைச் சரிசெய்வது பெரும்பாடு. பல நேரம் முடியாது. குறைவாகப் பதிந்ததைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம். தானியங்கி ஒலியளவு வசதி பேச்சுக்கு உதவும், பாட்டுக்கு உதவாது. பாடுபவர் நிறுத்தும் இடத்தில் அது ஒலியளவைத் தானே ஏற்றி விசிறிச் சத்தத்தை மேலே கொண்டுவரும். இந்தத் தொல்லையைத் தவிர்க்க இப்போது '32 பிட் ஃப்ளோட்' என்ற முறை வந்திருக்கிறது. ஜூம் எஃப்6 என்ற களக் கருவியில் 2019-இல் வந்த இந்த வசதி, 2024-இல் அந்த நிறுவனத்தின் மிகச் சிறிய கையடக்கக் கருவிக்கே இறங்கிவிட்டது. இம்முறையில் முணுமுணுப்பும் கூச்சலும் ஒரே கோப்பில் அடங்கும்; ஒலியளவைப் பிறகு கணினியில் சரிசெய்துகொள்ளலாம். புதிதாக வாங்குபவர்கள் கூடுதல் பணம் கொடுக்கத் தகுந்த வசதி இது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

எதைப் பதிவது? கர்நாடக இசை கற்பவர்கள் இதில் முன்னோடிகள். குரு சொல்லிக்கொடுக்கும் பாடத்தைப் பதிந்து வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகுவது கேசட் காலத்திலிருந்தே உள்ள வழக்கம். மேடைக் கச்சேரியில் கேட்காத ஒன்று அந்தப் பதிவுகளில் உண்டு: ஒரே சங்கதியை நான்கு தடவை பாடிக் காட்டி, எங்கே பிசகியது என்று சொல்லும் குருவின் பேச்சு. மருத்துவரிடம் போகிறவர்களுக்கும் ரெக்கார்டர் கைகொடுக்கும். மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 விழுக்காடு வரை நோயாளிகள் உடனேயே மறந்துவிடுகிறார்கள் என்று ராய் கெசல்ஸ் 2003-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை கூறுகிறது. மருத்துவரின் அனுமதியோடு பதிந்து வந்தால், எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் கேட்டுக்கொள்ளலாம்.

வீட்டுப் பெரியவர்களிடம் பேசுவதற்குத் தனிப் பயிற்சி எதுவும் வேண்டாம், பொறுமை வேண்டும். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் டேவ் ஐசே 2003-இல் தொடங்கிய 'ஸ்டோரிகோர்' அமைப்பு, ஒருவரையொருவர் அறிந்த இருவரைச் சின்ன அறையில் உட்காரவைத்து நாற்பது நிமிடம் பேசவிட்டது. பேட்டி எடுக்க நிபுணர் வேண்டாம், பேத்தியே கேட்கலாம் என்பதுதான் அதன் அடிப்படை. "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க தாத்தா" என்றால் தாத்தா திகைத்துவிடுவார். "முதல் சம்பளம் வாங்கின அன்னிக்கு என்ன வாங்கினீங்க?" என்றால் தெருப் பெயரோடு வரும். பழைய கல்யாண ஆல்பத்தை மடியில் வைத்தால் இன்னும் நல்லது. அவர் பேச்சை நிறுத்தினால் அந்த இடைவெளியை உடனே அடுத்த கேள்வியால் நிரப்பக் கூடாது. சில நொடிகள் பொறுத்தால், பல நேரம் முக்கியமான விஷயம் அப்போதுதான் வெளிவரும்.

சிகாகோவின் ஸ்டட்ஸ் டெர்க்கல் சாதாரண உழைப்பாளிகளிடம் டேப் ரெக்கார்டரோடு போய்ப் பேசிப் பேசியே நூல்கள் ஆக்கியவர். 1974-இல் வந்த 'வொர்க்கிங்' அவற்றில் புகழ்பெற்றது. அவர் அடிக்கடி சொன்ன நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஏழைகள் குடியிருப்பில் ஒரு தாயிடம் பேசிப் பதிந்தார். அம்மாவின் குரலைக் கேட்க வேண்டுமென்று குழந்தைகள் குதித்ததால் டேப்பை ஓடவிட்டார். தன் குரலைக் கேட்ட அந்தப் பெண் வாயில் கைவைத்தபடி நின்றாராம். தன் மனத்தில் இப்படியெல்லாம் இருப்பது தனக்கே இதுவரை தெரியாது என்றாராம். பதிவை மறுநாளே பேசியவருக்குப் போட்டுக் காட்டுவது நல்ல வழக்கம். விட்டுப்போன பெயர்களும் திருத்தங்களும் அப்போது வரும்.

ஒளித்துவைத்துப் பதிவது வேறு விஷயம். ஜெர்மனியில் ஒருவரின் தனிப்பட்ட பேச்சை அனுமதியின்றிப் பதிவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இந்தியாவில், வாழ்க்கைத் துணையின் பேச்சை ரகசியமாகப் பதிந்ததை மணவழக்குகளில் சான்றாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் சான்றாக ஏற்பதாலேயே அது வீட்டில் செய்யத்தக்கதாகிவிடாது. கருவியைக் காட்டி, எதற்காகப் பதிகிறோம், யாரெல்லாம் கேட்பார்கள் என்று சொல்லி, சரி என்ற பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். அந்தச் சம்மதத்தையும் பதிவின் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம்: நாள், ஊர், பேசுபவர் பெயர், கேட்பவர் பெயர், பிறகு சம்மதம்.

பதிந்ததைக் காப்பாற்றுவதில்தான் பெரும்பாலோர் சோர்ந்துபோகிறார்கள். கருவி தானாக வைக்கும் பெயர் வெறும் வரிசை எண். ஆறு மாதம் கழித்து அதற்குப் பொருள் கிடையாது. அன்றே ஆண்டு, மாதம், நாள், பெயர், ஊர் என்ற வரிசையில் பெயரிட்டால் கோப்புகள் தாமே கால வரிசையில் நிற்கும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில் என்பது ஆவணக் காப்பாளர்களிடம் பரவலாக உள்ள வழக்கம். மெமரி கார்டு சேமிப்பிடம் ஆகாது. பேட்டரி திடீரென்று தீர்ந்தால் முடிவுறாத கோப்பு திறக்காமலும் போகலாம், ஆகவே நீண்ட பேச்சை அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தித் தொடர்வது நல்லது. பேச்சை எழுத்தாக்க, 2022-இல் வெளியான விஸ்பர் போன்ற மென்பொருள்கள் தமிழையும் கையாள்கின்றன. வட்டார வழக்கில் அவை நிறையத் தவறுகின்றன. வீட்டில் ஒருவர் கூட உட்கார்ந்து திருத்தியே ஆக வேண்டும்.

புதிதாகப் பதிவதற்கு முன்பே பல வீடுகளின் பரணில் ஒரு வேலை காத்திருக்கிறது: வெளிநாட்டுக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட்டுகள், குழந்தைகள் பாடிய கேசட்டுகள். ரெக்கார்டர் அதற்கும் உதவும். முதலில் கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் மூடிகளையும் உடைத்துவிட வேண்டும். பிறகு தவறிப்போய் அழிக்க முடியாது. கேசட்டை ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் ஓடவிட்டால் ஒட்டிக்கிடந்த நாடா தளரும். டேப் ரெக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்து டிஜிட்டல் ரெக்கார்டரின் 'லைன் இன்' துளைக்கு இருபுறமும் 3.5 மில்லிமீட்டர் பின் உள்ள கேபிளைச் செருகி, டேப்பின் ஒலியைப் பாதி அளவில் வைத்து, உச்சம் கழித்தல் 12-ஐ ஒட்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு ஓடவிட வேண்டும். தொண்ணூறு நிமிடக் கேசட்டுக்குத் தொண்ணூறு நிமிடம் ஆகும். நாடா எங்காவது சிக்கினால் உடனே நிறுத்துவதற்கு ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். அந்த நேரம் முழுவதும் அவர் கேட்டுக்கொண்டே, யார் பேசுகிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துவரலாம்.